பகல் 12.45, ஆரோக்கியத்துறை

சகாயசெல்விக்குக் கோபம் வரும் என்பது தக்கலையில் அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபில் எல்லாருக்கும் தெரியும். வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் ரெண்டு இட்லியைத் தின்றுவிட்டு வந்து கையை நீட்டுகிறவர்களும், ரிசல்ட் ஆச்சா என்று ஐந்து நிமிடத்துக்கொருமுறை எட்டிப் பார்க்கிறவர்களும் அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். கருங்கல் என்ற ஊரில் இருக்கும் அவள் புகுந்த வீட்டில் மட்டும் அந்தக் கோபத்தை யாரும் பார்த்ததில்லை. இருபத்திரண்டு வருடமாக வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கோபத்தையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவாள்.

காரணம் இருந்தது. கல்யாணமான புதிதில் மாமியார் நேசபாய், வீட்டுக்கு வந்த சபைப் பெண்களிடம் அவளைக் காட்டி, "கடப்புறத்துப் பிள்ளைன்னு சொன்னா நம்ப மாட்டிய. சத்தமே கெடையாது" என்றாள். பாராட்டுத்தான். அதைக் கேட்டு எல்லாரும் தலையாட்டினார்கள். சத்தம் போட்டால் கடப்புறம், போடாவிட்டால் நல்ல பிள்ளை என்பது செல்விக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது. சரி, நல்ல பிள்ளையாகவே இருந்து தொலைப்போம் என்று இருந்தாள். நேசபாய் கண்ணை மூடி ஆறு வருடம் ஆன பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை.

அவள் பிறந்த ஆரோக்கியத்துறை, முட்டத்துக்கும் குளச்சலுக்கும் நடுவில் கடலை ஒட்டிக் கிடக்கிற கடப்புறத்து மீனவர் ஊர். அப்பா சிலுவை, வள்ளத்தில் கடல் தொழிலுக்குப் போய் அவளை லேப் டெக்னீசியன் படிக்க வைத்தார். வேலைக்குச் சேர்ந்த பிறகு தக்கலையில் ஒரு ஹாஸ்டலில் இருந்தாள். அங்கே பஸ் ஸ்டாண்டில் அறிமுகமானவர்தான் கணக்கு வாத்தியார் ஜெப்சன். அவள் வேதக்கோயில்காரி, அதாவது கத்தோலிக்கம்; அவர் சபைக்காரர், சீர்திருத்தக் கிறிஸ்தவர். இரண்டு வீட்டிலும் ஒரே வேதப்புத்தகம்தான். அந்த ஒரே புத்தகத்தை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் ஒன்றரை வருடம் ஆடாத ஆட்டமில்லை. கடைசியில் செல்விதான் இறங்கி வந்தாள். ஜெப்சனின் சபையில் சேர்வதற்கான திடப்படுத்தல் சடங்கை எடுத்தாள். அந்தக் கோயிலிலேயே கல்யாணமும் நடந்தது. சிலுவை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த போக்குவரத்து ஒன்றே ஒன்றுதான். மீன். கிறிஸ்துமசுக்கும் ஈஸ்டருக்கும், கருங்கல் வீட்டில் விருந்தாட்கள் வரும்போதெல்லாமும், ஐஸ் போட்ட பெட்டியோடு சிலுவை வருவார். நேராகப் பின்பக்கம் போய் அடுக்களை வாசலில் பெட்டியை வைப்பார். முன்வாசல் சிட் அவுட்டில் ஒரு நாற்காலி போட்டு அவருக்குச் சாயா கொடுப்பார்கள். குடித்துவிட்டு, அடுத்த பஸ்சைப் பிடிக்க வேண்டும் என்று எழுந்துவிடுவார். நெய்மீன் சாப்பாட்டு மேசைவரை போகும். அதைக் கொண்டுவந்தவர் சிட் அவுட்டைத் தாண்டியதில்லை.

அவர் வீட்டில் கை நனைக்க இங்கிருந்து ஒருவர் போனதுமில்லை. செல்வியின் அம்மா இறந்தபோது ஜெப்சன் சார் போனார். குடையைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரமாக நின்றார். துக்க வீட்டில் எல்லாருக்கும் கொடுக்கிற கட்டன் காப்பியை நீட்டியபோது வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டார். இரண்டு வாரம் கழித்து அவர் சட்டையைத் துவைக்க எடுத்த செல்விக்கு, அந்தத் துக்க நாளின் தேதி போட்ட பிரியாணிக் கடைப் பில் கிடைத்தது. அதையும் கிழித்துப் போட்டுவிட்டு, சட்டையைச் சோப்புத் தண்ணீரில் முக்கினாள்.

இந்த மே மாதம் ஜெப்சனின் தங்கை ஷைஜா மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தாள். கூடவே அவள் கணவன் ஜஸ்டசும், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகன் ஷிபினும். கடற்கரையை விட்டு விலகாமல் கன்னியாகுமரியிலிருந்து வர்க்கலை வரைக்கும் காரில் போக வேண்டும் என்பது ஷைஜாவின் ஆசை. மூன்று நாள் பயணம், ஐந்து பேர். செல்வியின் மகள் ஜெஸ்மிக்குக் கோயம்புத்தூரில் செமஸ்டர் பரீட்சை இருந்ததால் அவள் இல்லை.

திட்டம் போடுவதென்றால் ஜெப்சன் சாருக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி. தங்கை வருவதற்கு ஒரு மாதம் முன்பே கம்ப்யூட்டரில் கட்டம் போட்டு எழுத ஆரம்பித்துவிட்டார். சூரிய உதயம் கன்னியாகுமரி. 7.30 கொட்டாரத்தில் காலைச் சாப்பாடு. மணக்குடிப் பாலத்தில் போட்டோ, பத்து நிமிடம். முட்டம் லைட் ஹவுஸ் 11.15. ஒன்றுக்குப் போவதற்குக்கூட இடமும் நேரமும் குறித்திருந்தார். மதியச் சாப்பாட்டுக் கட்டத்துக்கு வந்ததும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அவராகவே, "முட்டத்துல இருந்து பக்கம்தானே செல்வி. ஒங்க வீட்ல சாப்பிடுவோம்" என்றார்.

செல்வி கேட்கவில்லை. கெஞ்சவில்லை. அவராகச் சொன்னார், அவராகவே அடித்தார்: பகல் 12.45, ஆரோக்கியத்துறை, மதியச் சாப்பாடு. பிரிண்ட் எடுத்து ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் செல்வி அந்த வரியைப் படித்தாள். தாகமில்லாமலும் போய்ப் படித்தாள்.

அப்பாவுக்குப் போன் போட்டாள். விஷயத்தைச் சொன்னாள்.

"எல்லாருமா?" என்று கேட்டார் சிலுவை.

"எல்லாரும்."

"சாரும் வாறாரா?" இருபத்திரண்டு வருடமாக மருமகனை அவர் சார் என்றுதான் சொல்வார்.

"அவருதாம்பா வரணும்னு சொன்னதே."

அன்றிலிருந்து அப்பா தினமும் கூப்பிட ஆரம்பித்தார். முன்பக்கச் சுவருக்கு வெள்ளை அடித்தாயிற்று. கக்கூஸ் கதவுக்குப் புதுக் கொண்டி போட்டாயிற்று. குளச்சல் போய் ஆறு பீங்கான் தட்டு வாங்கியாயிற்று. சார் நண்டு தின்பாரா, மஸ்கட் பையனுக்கு மிளகு சேருமா என்று ஒரு நாள். புளிமுளக் குழம்பு வைக்கவா, தேங்காய் அரைத்து வைக்கவா என்று இன்னொரு நாள். செல்வியின் தம்பி அஜின், அன்றைக்குத் தொழிலுக்குப் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டானாம். எழுபது வயது மனிதர் இப்படிப் பேசிச் செல்வி கேட்டதில்லை. கேட்கக் கேட்கச் சந்தோஷமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. நாலு பேர் வந்து ஒரு வேளை சோறு தின்பதற்கு ஒரு மனிதன் சுவருக்கு வெள்ளை அடிக்க வேண்டுமா?

ஷைஜா குடும்பம் ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கியது. வியாழக்கிழமை சாயங்காலம் லேபிலிருந்து வந்து பால் எடுக்க ஃபிரிட்ஜைத் திறக்கப் போனாள் செல்வி. கதவில் புதுக் காகிதம். 12.40, மெயின் ரோடு ஜங்ஷன், மீன் வாங்குதல், ஐந்து நிமிடம். 1.45, ரிசார்ட், மதியச் சாப்பாடு.

பால் பாக்கெட்டை எடுக்காமல் ஹாலுக்கு வந்தாள். அண்ணனும் தங்கையும் சோபாவில் இருந்தார்கள்.

"இது என்னது?" என்று கேட்டாள்.

ஜெப்சன் சார் தங்கையைப் பார்த்தார். ஷைஜாதான் பேசினாள். "மயினி, ஒங்க ஊருக்குள்ள ரோடு சின்னதுல்லா. பெரிய வண்டி திரும்பாது. ஷிபினுக்கு வேற வயிறு கொஞ்சம் சென்சிட்டிவ். தேங்காப்பட்டணம் தாண்டி ஒரு ரிசார்ட் இருக்கு, நாம மீன் கொண்டு போனா அவங்களே வச்சுத் தருவாங்களாம். ஒங்க அப்பாட்ட சொன்னா நல்ல நெய்மீனா கெடைக்கும். அவருக்கும் எதுக்குச் சிரமம்?" சொல்லிக்கொண்டே போனில் அந்த ரிசார்ட்டின் படத்தைக் காட்டினாள். தென்னை மரத்துக்குக் கீழே மேசை போட்டிருந்தது. 'மீனவர் வீட்டுச் சமையல்' என்று மேலே கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

செல்விக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது.

"மீனவர் வீட்டுச் சமையல் வேணும். மீனவர் வீடு வேண்டாம். அப்படித்தானே?"

"நாங்க ஒண்ணும் வேற மாதிரி நெனச்சிச் சொல்லல மயினி."

"வேற எந்த மாதிரி நெனச்சிய, சொல்லு, கேக்கேன். இருவத்திரண்டு வருசம் எங்க அப்பா சொமந்துட்டு வந்த மீனத் தின்னப்போ யாருக்கும் வயிறு சென்சிட்டிவ் இல்ல. ஊருக்குள்ள மீன் லாரி வருது, ஆம்புலன்ஸ் வருது, திருநாளுக்கு சப்பரம் வருது. ஒங்க காரு மட்டும் திரும்பாதா?"

"செல்வி, மெதுவா" என்றார் ஜெப்சன். "அஞ்சு நிமிசம் நிப்போம்ல. நீ எறங்கி அப்பாவப் பாத்துக்கோ."

"நாம்பாட்டுக்குச் செவனேன்னுதான் இருந்தேன். வாறோம்னு சொன்னது நீங்க. எங்க அம்மா செத்த அன்னிக்கு ஒரு கட்டன் காப்பி எறங்கல ஒங்க தொண்டையில. பிரியாணி எறங்கிச்சி. பில்லு ஒங்க சட்டைப் பையில இருந்துது."

ஜெப்சன் சாரின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. ஷைஜா போனை அணைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடத்தில் அந்த ஹாலில் செல்வியின் குரல் அந்த அளவுக்கு உயர்ந்தது அதுதான் முதல் தடவை. இன்னும் உயர்த்தியிருக்கலாம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

பின்பக்கம் போய் அப்பாவுக்குப் போன் போட்டாள். "அப்பா, திங்கக்கெழம..." என்று ஆரம்பித்தாள்.

"தெரியும் மக்களே" என்றார் சிலுவை. "சாரு செவ்வாக்கெழமையே போன் பண்ணிட்டாரு. ஆறு கிலோவுல ஒரு நெய்மீனு வேணும்னாரு. அஜின்ட்ட சொல்லிட்டேன்."

"ஒங்களுக்குக் கோவமே வராதாப்பா?"

"சாரு எனக்கு போன் பண்ணது இதாம் மொத தடவ. மீனு கேட்டாரு. எப்பிடி இல்லன்னு சொல்ல?" குரலைத் தாழ்த்தினார். "ஒரு காரியம் மக்களே. இங்க எல்லார்ட்டயும் நீங்க வாறதாச் சொல்லிட்டேன்லா. இப்ப சாருக்குக் காய்ச்சல், வரலன்னு சொல்லி வச்சிருக்கேன். ஜங்ஷன்ல நிக்கும்போது காரு கண்ணாடிய மட்டும் ஏத்தி வச்சிக்கச் சொல்லு. நம்ம ஆளுவ பாத்தா சாரத் தப்பா நெனைப்பாவ."

செல்வி துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். ஜெப்சன் மேல் வந்த கோபம்கூட இந்த அளவுக்கு எரியவில்லை. அவமானப்பட்டவர் அப்பா. அவமானப்படுத்தியவரின் மானத்தைக் காப்பாற்றக் கண்ணாடியை ஏற்றச் சொல்கிறவரும் அவர்.

"மீனு ஜங்ஷனுக்கு வரப்பிடாது" என்றாள். "வீட்ல கொழம்பு வைக்கணும். நான் ஞாயித்துக்கெழம அங்க வாறேன்."

"வழக்கும் சண்டையும் வேண்டாம் மக்களே."

"நான் வாறேன்னு சொன்னேன்."

உள்ளே வந்து இருவரிடமும் ஒரே தடவை தெளிவாகச் சொன்னாள். காரில் அவள் வரப்போவதில்லை. ஜங்ஷனுக்கு மீன் வராது. திங்கட்கிழமை முன்பு சொன்ன அதே நேரத்துக்கு, முன்பு சொன்ன அதே வீட்டில் சோறு இருக்கும். வேண்டியவர்கள் வரலாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். ஜெப்சன் சார் கேட்வரைக்கும் வந்து, கோபம் தணிந்தால் போன் பண்ணு என்றார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கே அஜினின் மனைவி பிரிஜா சமையலை முடித்துவிட்டாள். நெய்மீன் புளிமுளம், பொரித்த துண்டு, நண்டு, மரச்சீனிக் கிழங்கு. புதுத் தட்டுகளைச் சிலுவை தானே கழுவித் துடைத்து வைத்தார். வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். யாரும் வர மாட்டார்கள் என்று செல்வி இரண்டு தடவை சொல்லியும் பசிக்கவில்லை என்று சாப்பிடாமல் இருந்தார்.

ஒன்று பத்துக்குப் போன் அடித்தது. ஜெப்சன் சார்.

"ஜங்ஷன்ல நிக்கோம் செல்வி. அஜினக் காணோம். மீனு?"

செல்விக்கு முதலில் விளங்கவே இல்லை. "வராதுன்னு சொன்னேன்லா?"

"நீ கோவத்துல சொன்ன. ஒங்க அப்பா எப்படியும் குடுத்து விடுவாருன்னு நெனச்சேன்."

அவருடைய தைரியம் அதுதான். செல்வியை நம்பி அவர் அங்கே வண்டியை நிறுத்தவில்லை. அந்தக் கிழவரின் நல்ல குணத்தை நம்பி நிறுத்தியிருந்தார்.

"மீனு கொழம்பாயிட்டு" என்றாள். "சோறும் ரெடி. வண்டிய ரோட்டுல போட்டுட்டு நடந்தா நாலு நிமிசம். வாங்க."

போனில் ஷைஜாவின் குரல், "அண்ணா, லேட் ஆகுது" என்றது. பிறகு போன் நின்றுவிட்டது.

திரும்பிப் பார்த்தால் சிலுவை அடுக்களையில் நிற்கிறார். பரணிலிருந்து தூக்குச்சட்டியை எடுத்து, கரண்டியால் குழம்பை அள்ளி ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

"பாவம், பசியா இருப்பாவ. நான் ஓடிப் போய்க் குடுத்துட்டு வந்திருதேன்."

செல்வி அவர் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினாள். "இருங்கப்பா."

"சாரு ரோட்டுல நிக்காரு மக்களே."

"நிக்கட்டும். காலு இருக்குல்லா. இன்னிக்கு நீங்க எங்கயும் எதையும் கொண்டு போகப்பிடாது. உக்காருங்க."

அவள் போட்ட சத்தத்தில் பிரிஜா பின்வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். சிலுவை வந்து உட்கார்ந்தார். ஒரு தட்டை அவர் முன்னால் இழுத்துப் போட்டு, சோற்றை வைத்து, குழம்பை ஊற்றி, பெரிய துண்டாக எடுத்து வைத்தாள் செல்வி. ஜங்ஷன் பக்கமிருந்து ஹார்ன் சத்தம் இரண்டு தடவை கேட்டது. சிலுவையின் கை சோற்றில் நின்றது. கண் வாசலுக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் ஒரு வண்டி கிளம்பி, குளச்சல் பக்கமாகப் போகிற சத்தம் தேய்ந்து மறைந்தது.

சிலுவை ஒரு வாய் எடுத்து வைத்தார். மென்று விழுங்கிவிட்டுப் பிரிஜாவை நிமிர்ந்து பார்த்தார்.

"உப்பு கொஞ்சம் கூடிட்டோ?" என்று கேட்டார்.

"ஒண்ணும் கூடல" என்றாள் செல்வி. "கொழம்புல ஒரு கொறையும் இல்ல. நீங்க தின்னுங்க."