ராத்தாவுக்கு வராத முறை

அதிர்ஷ்டம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கொண்டு வரும். யாராவது பல்லைக் காட்டிக்கொண்டு "உங்களுக்கு அதிர்ஷ்டம்" என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவேன். என்னைத் திமிர் பிடித்தவள் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சொல்லட்டும். ஒரு பழைய பால்மா டின்னை நடுவில் வைத்து, அதிர்ஷ்டத்தைக் குலுக்கி எடுத்த இடத்தில் வேலை செய்தவள் நான்.

புத்தளம் மாவட்டத்து முந்தலில், பெரிய வீதியிலிருந்து உப்பு ஏரியான களப்பின் பக்கம் இறங்கும் மண் பாதையின் கடைசியில் இருந்தது எங்கள் கொட்டில். பண்ணைகளில் பிடிக்கும் இறாலை அங்கே கொண்டுவந்து கொட்டுவார்கள். தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, ஐஸ் தண்ணீரில் போடுவது எங்கள் வேலை. காலையில் ஈரமாகும் கை பின்னேரம் வரை காயாது. இறால் கொம்பு குத்திய விரலில் அந்தத் தண்ணீர் பட்டால் உயிர் போகும். நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் இருந்தோம், பாதிப்பேர் மதுரங்குளிப் பக்கத்து முஸ்லிம்கள், பாதிப்பேர் கரையோரத்துக் கத்தோலிக்கர்கள். நாட்டில் பணநெருக்கடி வருவதற்கு முன்னால் இதைப்போல் மூன்று மடங்கு ஆட்கள் இருந்தார்கள்.

அந்தக் காலத்தில் முதலாளி தன் விருப்பப்படிதான் போனஸ் கொடுப்பார். அவர் சிலாபத்து ஆள். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், ஆனால் எதிரில் நின்று சிரிக்கிறவளைத்தான் அவர் கண்ணுக்குத் தெரியும். அழுத பிள்ளைதானே பால் குடிக்கும். வாயைத் திறக்காமல் கூடை கூடையாக உரித்தவர்களுக்கு ஒன்றும் வராது. அப்படி ஒன்றும் வராதவர்களில் முதல் ஆள் எங்கள் ராத்தா.

மூத்த சகோதரியை நாங்கள் ராத்தா என்போம். அவர் எனக்குக் கூடப்பிறந்தவர் அல்ல, இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தவர். ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் வருவோம். புருஷன் எப்போதோ விட்டுப் போய்விட்டார். படுக்கையில் கிடந்த உம்மாவோடு ஒழுங்கையின் கடைசி வீட்டில் இருந்தார். அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உப்பு, வாயில் வைக்க முடியாது. குழாய்த் தண்ணீர் ஒழுங்கையின் பாதி வரை வந்து நின்றுவிட்டது. மீதித் தூரத்துக்குக் குழாய் இழுத்து, மீற்றர் பூட்ட ஆகும் செலவு அவரிடம் இல்லை. அதனால் பள்ளிவாசல் முன்னால் இருக்கும் குழாயில் பிளாஸ்டிக் கானில் பிடித்துச் சுமப்பார். வேலைக்கு வரும் முன் ஒரு நடை, போன பின் ஒரு நடை. குடிக்க, சமைக்க, உம்மாவைத் துடைக்க, உம்மாவுக்குத் தொழுகைக்கு ஒழு எடுக்க எல்லாம் அந்தக் கான் தண்ணீர்தான். அவருடைய முழங்கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. "ஒரு போனஸ் வந்தாப் போதும் புள்ள, குழாய வீட்டுக்குள்ள இழுத்துடுவன்" என்று பஸ்ஸில் சொல்லுவார். அவர் இந்த உலகத்தில் கேட்டது அது ஒன்றுதான். அதையும் என்னிடம் மட்டும்தான் கேட்டார், முதலாளியிடம் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக் குழாயில் ஒரு வாளி பிடிக்கக்கூட அவருக்குக் கூச்சம்.

நெருக்கடி வந்த பிறகு முதலாளி எங்களைக் கூப்பிட்டார். எல்லாருக்கும் பங்கு போட்டால் ஆளுக்கு இரண்டு பாண் ரொட்டி வாங்கத்தான் காணும், அதற்கு மேல் போதாது என்றார். ஆனபடியால் நோன்புப் பெருநாளைக்கு ஒருத்தி, கிறிஸ்மஸுக்கு, அதுதான் நத்தாருக்கு, ஒருத்தி, முழு மாதச் சம்பளம். பேரைத் துண்டில் எழுதி டின்னில் போட்டுக் குலுக்குவோம், இனி யாரும் என்னைக் குறை சொல்ல ஏலாது என்றார்.

அது சூது ஆகாதா என்று எங்களில் ஒருத்திக்குப் பயம் வந்துவிட்டது. பள்ளிவாசலில் கேட்டுப் பார்த்தோம். யாரும் கைக்காசு வைக்கவில்லை, கொடுப்பவர் தானாகக் கொடுக்கிறார், அது சூது இல்லை என்றார்கள். நிம்மதியானது. குலுக்கும்போது நாங்கள் பிஸ்மில்லாஹ் சொல்ல, மற்றவர்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

முதல் தடவை பேர் வந்தது யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? வேலைக்குச் சேர்ந்து விரலில் கொம்பு குத்திய காயம்கூட ஆறாத ஒரு பெட்டைக்கு. சரி, போகட்டும் என்றோம். இரண்டாம் தடவையும் அவளுக்கே வந்தது! அவள் வெட்கத்தில் அழுதேவிட்டாள். முதலாளி மட்டும் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "முதலாளி, இது நாயமா?" என்று கேட்டேன்.

"துண்டுக்குக் கண் இல்ல நங்கி. அதுதான் நாயம்." முதலாளி சிங்களம் கலந்து பேசுவார்; தங்கச்சியை நங்கி என்பார்.

"கண் இல்லாட்டியும் பரவாயில்ல, புத்தி வேணும். நாங்க சீட்டுப் போடுறமே, அதுல எடுத்தவட பேர் திரும்ப வராது. கடைசியில எல்லாருக்கும் கிடைக்கும். அதைப்போல செய்யுங்க."

அவர் யோசித்துவிட்டு, சிங்களத்தில் "ஹரி" என்று சரி சொல்லி, "அப்படியே செய்வம்" என்றார். நான் தேர்தலில் வென்றவளைப்போல வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். அன்று ராத்தா எனக்குத் தன் பங்கு மாசிச் சம்பலைத் தந்தார்.

சீட்டு எங்கள் பக்கத்துப் பெண்களின் வங்கி. மாதா மாதம் எல்லோரும் போடுவோம், முறைப்படி ஒவ்வொருத்தி எடுப்போம். முறை வந்தவளை விட இன்னொருத்திக்கு அவசரம் என்றால், "நீ எடு, ஒன்ட முறை வரக்கொள்ள நான் எடுக்கிறன்" என்று மாறிக்கொள்வோம். எத்தனையோ மையித்து அடக்கமும் கலியாணமும் இப்படித்தான் ஒப்பேறியிருக்கின்றன. மாறினால் செய்யவேண்டியது ஒன்றுதான், சீட்டுப் பிடிக்கிறவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்.

அடுத்த பெருநாளுக்கு ராத்தாவின் பேர் வந்தது.

முதலாளி கவரைக் கொடுத்துவிட்டு வாகனத்தில் ஏறிப் போய்விட்டார். ராத்தா அதைப் பிரிக்கவே இல்லை. ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துத் துடைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் குழாய்க் கடைக்கு எப்போது போவோம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மூலையில் இருந்த அக்காவைப் பார்த்தார். அந்த அக்கா கரையோரத்தில் இருந்து வருபவர், புருஷன் கடலுக்குப் போகிறவர். அவர்களுடைய சின்ன மகளுக்கு இருதயத்தில் ஓட்டை. கொழும்பு ஆஸ்பத்திரியில் ஒபரேஷனுக்குத் திகதி கொடுத்திருந்தார்கள். வைத்தியத்துக்குக் காசு கேட்க மாட்டார்கள்தான், ஆனால் போய் வர, அங்கே தங்க, சாப்பிட, மருந்து சிலதை வெளியில் வாங்க வேண்டும். அந்த வாரம் முழுவதும் அவர் இறாலை உரிக்கவில்லை, கண்ணீரில்தான் ஊறப்போட்டார்.

ராத்தா போய் அவர் மடியில் கவரை வைத்தார். "நீங்க எடுங்க. உங்கட பேர் வரக்கொள்ள நான் எடுக்கிறன்."

அக்கா அவர் காலைப் பிடிக்கப் போனார். "விடுங்க, விடுங்க, அந்தக் கால்ல ஏற்கெனவே நோவு ஈக்குது" என்றார் ராத்தா. எல்லோரும் அழுதுகொண்டே சிரித்தோம். எங்கள் கண் முன்னால்தான் நடந்தது, எல்லோரும் சாட்சி. ஆனால் முதலாளியிடம் சொல்ல வேண்டும் என்று ஒருத்திக்குக்கூடத் தோன்றவில்லை. சொந்தச் சீட்டாக இருந்தால் மறந்திருக்க மாட்டோம். அந்த டின்னைப் பார்த்துப் பார்த்து, அதையும் நாங்களே பிடிக்கிறதாக நினைத்துவிட்டோம்.

பிள்ளை பிழைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவை டின் குலுங்கும்போதும் ராத்தா தன் பேருக்காக அல்ல, அக்காவின் பேருக்காகக் காது கொடுத்து நின்றார். வரவில்லை. நத்தாருக்கு வரவில்லை, அடுத்த பெருநாளுக்கும் வரவில்லை. இதற்கிடையில் முழங்காலுக்கு மருத்துவிச்சியின் எண்ணெய், பிறகு ஆஸ்பத்திரிக் குளிசை. கான் பெரிதிலிருந்து சின்னதாகி, இரண்டு நடை நாலு நடை ஆனது. "டின்னுக்குள்ளதான் ஈக்குது புள்ள, எங்க போகப்போகுது" என்பார். கடைசியில் டின்னில் இரண்டே துண்டுகள்தான் இருந்தன. ஒன்று அக்காவுடையது, மற்றது என்னுடையது. இந்தப் பெருநாளைக்கு ஒன்று, நத்தாருக்கு ஒன்று. இனித் தப்பவே முடியாது என்று நாங்கள் இருவரும் பஸ்ஸில் குழாயின் தடிப்பு வரை பேசி முடித்தோம்.

பெருநாளுக்கு முன்னால் அக்காவுக்கு குவைத்துக்கு விசா வந்துவிட்டது. ஏஜென்சிக்காரன் அவசரப்படுத்தினான். போகும் முன் கொட்டிலுக்கு வந்து, முதலாளியிடம் நேரேயே "என்ட துண்டு ராத்தாவுக்குரியது" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். முதலாளி "சரி சரி, போய்ட்டு வாங்க" என்றார். சரி என்றால் சரி என்று அர்த்தம் என நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

குலுக்கும் நாளில் அவர் டின்னைத் திறந்து இரண்டு துண்டையும் விரித்தார். அக்காவின் துண்டைக் கிழித்தார். "இவ வேலைய விட்டுட்டா. இப்ப மிச்சம் நீங்கதான்" என்று என்னிடம் டின்னை நீட்டினார். "முறைக்கு ஒருக்கா நீங்களே எடுங்க நங்கி."

"முதலாளி, அது ராத்தாட துண்டு."

"ராத்தாக்கு நான் குடுத்துட்டேன்தானே. என்ட கையாலதான் குடுத்தேன்."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுவதும் நினைவில்லை, கொட்டில் கூரைத் தகரம் அதிர்ந்தது நினைவிருக்கிறது. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நங்கி, யோசிங்க. இப்படி வாயால மாத்துறதுக்கு நான் விட்டா, நாளைக்கி ஒருத்தி துண்ட விப்பா, ஒருத்தி மிரட்டி வாங்குவா. துண்டுக்குக் கண் இல்லாதபடியாலதான் நீங்க நம்புறீங்க. இப்ப நீங்களே அதுக்குக் கண் வைக்கச் சொல்றீங்க."

அதை இன்றும் யோசித்துப் பார்க்கிறேன். அவர் சொன்னதில் பிழை இல்லை. ராத்தா செய்ததிலும் பிழை இல்லை. அப்படியென்றால் பிழை எங்கே இருந்தது? கண்ணில்லாத ஒன்றிடம் நியாயத்தை ஒப்படைத்தால் அது ஆளைப் பார்க்காது என்று சந்தோசப்பட்டோம். ஆளைப் பார்க்காதது அவருடைய முழங்காலையும் பார்க்காது என்பது புத்திக்கு எட்டவில்லை.

ராத்தா என் கையைப் பிடித்து இழுத்தார். "எடு புள்ள. எல்லாரும் பாக்குறாங்க." ஒரே ஒரு துண்டு கிடந்த டின்னுக்குள் கையை விட்டு என் பேரை நானே எடுத்தேன். சிலர் கைதட்டவும் செய்தார்கள்.

அன்று பின்னேரமே அந்தக் கவரைக் கொண்டு ராத்தா வீட்டுக்குப் போனேன். உம்மாவுக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தார். கவரைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தார்.

"இது ஒன்ட முறை. ஒன்ட முறைய நான் எப்படி எடுக்கிற?"

"மாத்திக்கொள்ளுவம் ராத்தா. புதுச் சுத்துல உங்கட பேர் வந்தா நான் எடுக்கிறன்."

"மாத்தினது காணும்" என்றார். பிறகு குரலை இறக்கி, "இதை வாங்கினா, நான் அண்டைக்கிக் குடுத்ததுக்கு நீ கூலி தாறது போல ஆயிரும். அல்லாஹ்வுக்காகக் குடுத்தது புள்ள. வரும், எல்லார்ட பேரும் திரும்பப் போடுவாங்கதானே" என்றார்.

எனக்கு அவர் மேலேயே கோபம் வந்தது. இவ்வளவு நல்லவராக யார் இருக்கச் சொன்னது? குவைத்திலிருந்து அக்கா போனில் குரல் பதிவு அனுப்பினார், முதல் சம்பளங்களை ஏஜென்சி பிடித்துக்கொள்கிறது, கையில் கிடைத்ததும் அனுப்புவேன் என்று அழுதார். அதற்கும் ராத்தா, "புள்ளட மருந்தப் பாக்கச் சொல்லு" என்றார். என் கவர் அலுமாரியில் துணிகளுக்கு அடியில் கொஞ்ச நாள் கிடந்தது. பிறகு என் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கியது, சப்பாத்து, கொப்பி என்று கரைந்துபோனது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, ராத்தா விஷயத்தில் அது வாய்க்கும் எட்டியது, அவர்தான் விழுங்காமல் அடுத்தவருக்கு ஊட்டிவிட்டார்.

நத்தார் வருவதற்கு முன்னால் ஒரு விடியற்காலை, சுபஹுத் தொழுகை நேரம், பள்ளிவாசல் குழாயடியில் பாசியில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு. புத்தளம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்றார்கள். போய்ப் பார்த்தபோது, "உம்மாக்கு யார் தண்ணி எடுக்கிற?" என்று மட்டும் கேட்டார். நான்தான் என்றேன். தலையாட்டினார். மறுநாள் கண்ணை மூடி மௌத்தானார்.

மையித்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கட்டிலில் கிடந்த உம்மா, "மகள் வேலைக்கிப் போய்ட்டாளா?" என்று வந்தவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். மையித்துக் குளிப்பாட்டும் மாமி வந்து சேலைகளைக் கட்டி மறைத்தார். "தண்ணி எங்க?" என்றார். அடுக்களையில் ஒரு கான் இருந்தது, அதில் பாதிதான் தண்ணீர். ஒழுங்கை ஆம்பிளைகள் ஓடிப்போய், தோட்டத்துக்கு இறைக்கும் நீளக் குழாயைப் பக்கத்து வீட்டுப் பைப்பில் மாட்டி, வேலிக்கு மேலால் இழுத்து, சன்னல் வழியாக உள்ளே விட்டார்கள். ஒரு பேச்சு இல்லை, ஒரு கணக்கு இல்லை. அவ்வளவு எளிதாக இருந்தது அது.

குழாயின் நுனியைப் பிடிக்கும் வேலை எனக்கு வந்தது. திறந்தார்கள், நல்ல தண்ணீர் வந்தது. கிண்ணத்தில் பிடித்துப் பிடித்துக் கொடுத்தேன். மாமி வலது பக்கம், இடது பக்கம் என்று முறைப்படி ஊற்றினார். வீங்கிய முழங்கால்களின் மேலே ஓடி, கொம்பு குத்திக் கறுத்த விரல்களின் மேலே ஓடி, அந்த வீட்டுச் சீமெந்துத் தரை முழுக்கத் தண்ணீர் ஓடியது.

"காணும் புள்ள, மூடச் சொல்லு. தண்ணிய வீணாக்கக் கூடாது" என்றார் மாமி.

வெளியில் நின்றவர்கள் மூடட்டுமா, மூடட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் இன்னொரு கிண்ணம் தண்ணீர் பிடித்தேன்.