அக்கா வீட்டுச் சுவரின் நிறம்

விசிறிபோல விரிகிற அந்த ஷேட் கார்டை மடியில் வைத்துக்கொண்டு என் ஓரகத்தி உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. என் கணவரின் அண்ணன் மனைவி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் தபால் ஆபீஸ் வேலை. அங்கேயே வீடு கட்டி, பட்டி பார்த்து முடித்த பிறகும் கலர் மட்டும் முடிவாகாமல் மூன்று மாதம் கிடந்தது. சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஏழெட்டுக் கட்டங்கள் அடித்து வைத்து, காலை வெயிலில் ஒரு தடவை, உச்சிப்பொழுதில் ஒரு தடவை, டியூப் லைட்டைப் போட்டு ஒரு தடவை என்று பார்ப்பார். எனக்கு எல்லாக் கட்டமும் ஒன்றாகத்தான் தெரிந்தது. எல்லாம் ‘நியூட்ரல்’ வகையாம். “காரைத்தான் நியூட்ரல்ல நிறுத்துவாக. இவ வீட்டையே நிறுத்தி வச்சிருக்கா” என்று அவர் வீட்டுக்காரர் கிண்டலடித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன், கொஞ்சம் சத்தமாகவே.

சிரிக்க எனக்குத் தெம்பு இருந்தது. ராஜபாளையத்தில் எங்கள் வீடு, ஒட்டினாற்போல் தறிக்கொட்டகை. ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி நெய்கிறோம். ஹாலுக்கு மயில் நீலம், படுக்கையறைக்கு ரோஸ், அடுப்படிக்குக் கிளிப்பச்சை என்று நான் பார்த்துப் பார்த்து அடித்திருந்தேன். வருகிறவர்கள் வாசலிலேயே ஒரு நிமிஷம் நிற்பார்கள். சொந்தபந்தத்தில் வீடு என்றால் என் வீடுதான் என்று ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர் எனக்கு ரொம்பவும் வேண்டியிருந்தது.

அக்கா வீட்டுப் பால் காய்ச்சுக்குப் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தவள், என்ன சொல்ல வந்தேன் என்பதை மறந்துவிட்டேன். வெள்ளை என்றால் வெள்ளை இல்லை. சந்தனம் இல்லை, மணலும் இல்லை. ஜன்னல் வெளிச்சம் சுவரில் பட்டு, போக மனசில்லாமல் அங்கேயே தங்கியிருந்தது. எப்போதும் கத்திப் பேசுகிற எங்கள் ஆட்கள்கூட அந்த ஹாலில் மெல்லப் பேசினார்கள். என் கணவர் நாலு சுவரையும் பார்த்துவிட்டு, “உள்ள வந்தா எம்புட்டு அமைதியா இருக்கு மதினி” என்றார். கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் என் சுவர்களைப் பற்றி அந்த மனிதர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கு வயிறு எரிந்தது. இதை நாகரிகமாகச் சொல்ல வேறு வார்த்தை வரவில்லை. எல்லோரும் பால்கோவாவை இன்னொரு தடவை கேட்டு வாங்கித் தின்றுகொண்டிருந்தார்கள். நான் என் பங்கைப் பக்கத்தில் இருந்த பிள்ளையிடம் தள்ளிவிட்டேன்.

கிளம்பும்போது சும்மா கேட்பது மாதிரி, “இது என்ன கலருக்கா?” என்று கேட்டேன். சாம்பார் வாளியோடு பந்திக்கு ஓடிக்கொண்டிருந்தவர், “கிரேதான்ட்டி, ஒங்க கிரே” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு முதல் வார்த்தை போதுமாக இருந்தது. அடுத்த வாரமே பெயிண்டரை வரச்சொன்னேன். என்ன கிரே வேண்டும் என்று கடைக்காரர் கேட்டதற்கு, இருப்பதிலேயே நல்ல கிரே என்றேன். மூன்றாம் நாள் மயில் நீலம் இருந்த இடத்தில் மழை வரப்போகிற வானம் இருந்தது. பட்டப்பகலில் லைட் போட வேண்டியிருந்தது. “சிமெண்டப் பூசி அப்பிடியே விட்டுட்டியா?” என்று கேட்டுவிட்டு என் கணவர் தறிக்கொட்டகைக்குப் போய்விட்டார்.

அக்கா வேண்டுமென்றே மாற்றிச் சொல்லியிருக்கிறார் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். தன் வீட்டைப் போல இன்னொரு வீடு சொந்தத்தில் வரக் கூடாது என்ற நினைப்பு. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன். அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. போனை எடுக்காமல் விட்டேன். வந்தால் ஒரு காப்பியோடு நிறுத்திக்கொண்டேன். விசேஷ வீடுகளில், “கலர் பேரைக்கூட மாத்திச் சொல்லுத மனசு” என்று நாலு பேர் காதில் போட்டேன். அந்த நாலு பேரும் சும்மா இருக்கிற ஆட்கள் இல்லை.

ஒரு வருஷம் கழித்து என் கணவருக்குக் காய்ச்சல் என்று அக்கா பார்க்க வந்தார். ஹாலில் நின்று சுற்றிப் பார்த்தார். “ஏட்டி, ஏன் இப்பிடி இருட்டா அடிச்சுப்போட்ட?”

“நீங்கதானக்கா கிரேன்னு சொன்னிய.”

அக்கா என் கையைப் பிடித்துத் தறிக்கொட்டகைக்கு இழுத்துப் போனார். ஓடிக்கொண்டிருந்த தறியில் சுருண்டு வந்த துணியைத் தொட்டுக் காட்டினார். “இந்தக் கிரே. ஒங்க கிரேன்னுல்லா சொன்னேன். ஒரு நாள் சாயங்காலம் வந்தப்போ இதுமேல வெயில் விழுந்துச்சு, பாத்துக்கிட்டே நின்னேன். கொழுந்தன்ட்ட கேட்டு ஒரு சாண் வெட்டி வாங்கிட்டுப் போயி, கடையில மிஷின்ல வச்சு அதே மாதிரி கலக்கச் சொன்னேன்.”

வெளுக்காமல் தறியிலிருந்து இறங்குகிற துணிக்கு எங்கள் பக்கம் கிரே என்றுதான் பெயர். சாம்பல் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது பருத்தியின் சொந்த நிறம். கிரே ஏற்றியாச்சா, கிரே நனைந்துவிட்டதா என்று ஒரு நாளில் எத்தனையோ தடவை நான் சொல்கிற வார்த்தை. அக்கா வாயிலிருந்து வந்தபோது மட்டும் அது பெயிண்ட் கடை இங்கிலீஷாகக் காதில் விழுந்திருக்கிறது. அதைவிட இன்னொன்றுதான் தாங்கவில்லை. பதினைந்து வருஷம் நான் தாண்டித் தாண்டிப் போன துணியை, எப்போதாவது வந்துபோகிற ஒருவர் பார்த்துவிட்டார். வீட்டை வேண்டுமானால் அதுபோலக் கட்டிக்கொள்ளலாம். அந்தக் கண்ணுக்கு எங்கே போவது?

பிறகு நானும் துணியைக் கொடுத்துக் கலக்கச் சொல்லி அதே நிறத்தை அடித்துவிட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது. வருகிறவர்கள் “ஸ்ரீவில்லிபுத்தூர் அக்கா வீட்டுக் கலரு” என்கிறார்கள். என் தறியில் ஓடுகிற நிறம் என்று எத்தனை பேரிடம் சொல்ல முடியும்? நாலு பேரிடம் சொல்லியிருந்த அந்த இன்னொரு பேச்சையும் நான் திருத்தவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று வருஷங்கள் போய்விட்டன.

போன மாதம் ஒரு காதுகுத்து. மண்டபத்தில் சாப்பிட்டு முடித்து நாங்கள் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தோம். அக்காவிடம் யாரோ சேலைக் கடை விவரம் கேட்டார்கள். வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த சித்தி ஒருத்தி சிரித்துக்கொண்டே, “அவகிட்டயா கேக்க? கலர் பேரையே ஓரகத்திக்கு மாத்திச் சொன்னவல்லா” என்றாள். அக்காவுக்கு அந்தப் பேச்சு புதிது. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் குனிந்து சேலை முந்தியைச் சரிசெய்தேன்.

“ஆமா சித்தி, பந்தி அவசரத்துல நாந்தான் ஒழுங்காச் சொல்லாமப் போயிட்டேன்” என்றார் அக்கா. சொல்லிவிட்டுச் சேலைக் கடை விவரத்தைப் பேச ஆரம்பித்தார்.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. எனக்கு முதலில் வெட்கம்கூட வரவில்லை. இவருக்கு இதுவும் வருகிறதே என்ற வயிற்றெரிச்சல்தான் வந்தது. வெட்கம் வீட்டுக்கு வந்த பிறகு வந்தது.