மஞ்சள் துணியில் இரண்டு காசுகள்

உறைகுளிரில் பூட்டேன் எரிவாயு சிலிண்டரை விட்டு வெளியே வராது, புரொப்பேன்தான் வரும் என்பதை கலிஃபோர்னியாவின் சான் ரமோனில், வெயில் கொளுத்திய ஒரு செப்டம்பர் மாதப் பகலில், சமையலறை மேசையில் உட்கார்ந்து படித்தேன்.  பிரான்சில் ஏதோ ஒரு சாலையோரம், வண்டிக்குள் தவறான சிலிண்டர், அணைந்துபோன அடுப்பு, விறைத்துக் கிடக்கும் மனைவி. எல்லாம் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. மனைவியோ எதிரே உட்கார்ந்து, ஐரோப்பிய வரைபடம் சுருண்டுகொள்ளாமல் இருக்க அதன் மூலைகளில் பருப்பு டப்பாக்களை வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, இந்த ஆத்தோரமாவே கீழ எறங்குனா மலையே ஏற வேண்டியதில்லைங்க. நேரா கடலுதான்" என்றாள்.

தொண்ணூறுகளின் கடைசி அது. கம்பெனி வயதானவர்களை முன்கூட்டியே ஓய்வில் அனுப்பியபோது நானும் கிளம்பிவிட்டேன். மகள் கல்லூரியில் இருந்தாள். மருத்துவமனை ஆய்வகத்தில் நுண்ணோக்கி பார்த்துக்கொண்டிருந்த மனைவி, கண்ணில் குளுக்கோமா என்று தெரிந்ததும் வேலையை விட்டாள். அந்த நோய் பார்வையை ஓரங்களிலிருந்து தின்றுகொண்டு நடுவுக்கு வரும். "நடுவுல எல்லாம் பளிச்சுனு இருக்குதுங்க, பக்கவாட்டுலதான் ஒண்ணுமில்ல" என்று ஒருமுறை சொன்னாள். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசமாட்டாள். இடப்பக்கம் மோசமாக இருந்தது. கார் ஓட்டுவதையும் நிறுத்தியிருந்தாள்.

பக்கத்து வீட்டில், கணவர் இறந்த பிறகு மகனோடு இருக்க வந்த ஒரு டச்சுக்கார அம்மாள் இருந்தார். வீடும் வண்டியும் ஒன்றான மோட்டார்ஹோமில் அவரும் கணவரும் ஒவ்வொரு குளிர்காலமும் வெயிலைத் தேடித் தெற்கே போனவர்கள். ஹாலந்து, பெல்ஜியம், பிரான்ஸ், ஸ்பெயின், அதன் தென்கோடி. அங்கே கரையில் நின்றால் நீருக்கு அந்தப் பக்கம் ஆப்பிரிக்கா தெரியுமாம். அந்த வண்டி இப்போது அவருடைய தம்பியின் கொட்டகையில் சும்மா கிடந்தது. எடுத்துக்கொண்டு போங்கள், ஓடாமல் கெட்டுப்போகிறது என்றார் அவர். அன்றே என் மனைவி முடிவு செய்துவிட்டாள்.

கோடையில் போகலாமே என்றேன்.

"அடுத்த கோடைக்கு எனக்கு எவ்வளவு மிச்சமிருக்கும்னு உங்களுக்குத் தெரியுங்களா?" என்றாள். அவள் கேட்டது மிரட்டல் போல இல்லை. அரிசி எவ்வளவு மிச்சம் என்று கேட்பது போலக் கேட்டாள். 

மகள் தொலைபேசியில் சிரித்தாள். மூன்று மணி நேரத்தில் போய்விடும் ஊருக்கே நான் வண்டி எடுக்கமாட்டேனாம். "டாட், யூ வோன்ட் ஈவன் டிரைவ் டு ஃப்ரெஸ்னோ!"

"அதுக்குத்தான் கண்ணு, நான் பக்கத்துல உட்கார்ந்து திட்டிக்கிட்டே வரப் போறேன்" என்றாள் அவள் அம்மா.

மகள் சொன்னது உண்மை. ஏன் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. சில ஆண்டுகளுக்கு முன் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து திரும்பும்போது, ஐந்தாம் எண் ஃப்ரீவேயில், பள்ளத்தாக்கின் குளிர்காலப் பனிமூட்டத்தில் மாட்டிக்கொண்டேன். முன்னால் எதுவும் இல்லை. திடீரென்று வெள்ளைக்குள்ளிருந்து சிவப்பு விளக்குகள் எழுந்தன. எப்படி ஒதுக்கினேன் என்று தெரியவில்லை. வண்டி சாலையோர மண்ணில் நின்றது. பின்னால் எங்கோ இரும்பும் இரும்பும் மோதும் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். விழித்து, ஏன் நிற்கிறோம் என்று கேட்டபோது, பிளாஸ்க்கில் இருக்கும் காப்பியைக் குடிக்கலாம் என்று நிறுத்தினேன் என்றேன். மூடியில் ஊற்றி அவளிடம் முதலில் நீட்டினேன். அதன்பிறகு ஊர் எல்லை தாண்டும் ஒவ்வொரு முறையும் உள்ளங்கை வியர்த்தது. யாரிடமும் சொல்லவில்லை. அமெரிக்காவுக்கு வந்து வீடு வாங்கி மகளைப் படிக்கவைத்த மனிதன், சாலைக்குப் பயப்படுகிறேன் என்று எப்படிச் சொல்வது?

சொல்லாததால் படித்தேன். படிக்கப் படிக்கப் பயம் வளர்ந்தது. தண்ணீர்த் தொட்டி உறைந்து வெடிக்கும். குளிருக்குப் பயந்து காற்றோட்டத் துளையை அடைத்தால் ஹீட்டரின் நச்சுப்புகையில் தூக்கத்திலேயே சாவு. பனியில் வழுக்காமல் இருக்கச் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டத் தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், அந்த வண்டிக்குக் கையால் மாற்றும் கியர். நானோ அமெரிக்காவில், ஆட்டோமேட்டிக் காரில் ஓட்டக் கற்றவன். என் மனைவி விசாவுக்கு அலைந்தாள், சொட்டு மருந்து எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டாள், ரசப்பொடி வறுத்தாள். மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் சாகும் வழிகளைச் சேகரித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஈரோட்டுப் பக்கத்தில், பயமோ நோயோ வந்தால் மஞ்சள் நனைத்த துணியில் ஒரு காசை முடிந்து சாமி படத்தின் முன் வைப்பார்கள். வேண்டியது நடந்ததும் அந்தக் காசைக் கோயில் உண்டியலில் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் கடன். நான் சாமி கும்பிடுகிறவன் அல்ல. ஆனாலும் மனைவி கடைக்குப் போயிருந்த ஒரு நாள், கைக்குட்டையைக் கிழித்து மஞ்சளில் நனைத்து, ஒரு கால் டாலர் காசை முடிந்து, சமையலறை அலமாரியில் இருந்த முருகன் படத்துக்குப் பின்னால் வைத்தேன். இந்தப் பயணம் நின்றுபோக வேண்டும் என்று வேண்டினேன். யாருக்கும் ஒன்றும் ஆகாமல் நிற்க வேண்டும் என்று சேர்த்தேனா? சேர்த்ததாக நினைத்துக்கொள்ள ஆசைப்படுகிறேன். நினைவில் இல்லை.

சில நாட்களில் அவள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். விளக்குக்குத் திரி போட வந்தவள், துணியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, இது நீங்க முடிஞ்சதுங்களா?"

"ம்."

"விபூதி குடுத்தாக்கூட பேன்ட்ல தொடைக்கிற மனுசன்!" சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "இவ்வளவு பயமா உங்களுக்கு? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

சொல்ல வேண்டிய இடம் அதுதான். அவளே கதவைத் திறந்து வைத்திருந்தாள்.

"நல்லபடியாப் போயிட்டு வரோணும்னுதானே வேண்டுனீங்க?"

"ஆமா" என்றேன்.

அவள் தன் பையிலிருந்து ஒரு காசை எடுத்தாள். பக்கத்து வீட்டு அம்மாள் வழிச்செலவுக்கு என்று விளையாட்டாகக் கொடுத்திருந்த ஒரு கில்டர், ஹாலந்துக் காசு. முடிச்சை அவிழ்த்து, என் காசோடு அதையும் வைத்து மறுபடி கட்டினாள். "ஒத்தைக் காசு எதுக்குங்க? ரெண்டு பேரும்தானே போறோம்."

அன்றிலிருந்து எனக்கு அந்த அலமாரியைப் பார்க்கவே பயமாக இருந்தது.

பக்கத்து வீட்டு அம்மாளின் மகனிடம் கையால் கியர் மாற்றும் பழைய பிக்கப் டிரக் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சான் ரமோனின் அலுவலகப் பூங்கா வெறிச்சோடிக் கிடக்கும். அங்கே கார் நிறுத்தும் திடலில் அந்த அம்மாள் எனக்குக் கற்றுக்கொடுத்தார். முதல் இரண்டு வாரம் வண்டி துள்ளித் துள்ளி நின்றது. மூன்றாவது வாரம் கால் பழகிவிட்டது. கிளட்சை எங்கே விட வேண்டும் என்பது பாதத்துக்கே தெரிந்தது. தெரிந்த அந்த நிமிடத்தில், இனி தப்ப முடியாது என்று புரிந்தது. சட்டென்று காலை எடுத்தேன். வண்டி உதறி நின்றது.

பிறகு ஒவ்வொரு வாரமும் அப்படியே நிறுத்தினேன். முகத்தில் சலிப்பைக் காட்டினேன். வயசாகிவிட்டது, மண்டையில் ஏறவில்லை என்றேன். அந்த அம்மாள் என் காலைப் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பார், மறுபடி சாவியைத் திருப்பச் சொல்வார்.

நவம்பரில் ஒரு ஞாயிறு. மறுபடி வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் குத்தினேன். அந்த அம்மாள் மரத்தடியில் தன் நாயோடு நின்றிருந்தார். ஒவ்வொரு வாரமும் கூட வந்து பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி கதவைத் திறந்தாள்.

"எறங்குங்க. நான் ஓட்டிப் பார்க்கறேன்."

"உன் கண்ணு..."

"காலி எடந்தானே. யாரு மேல மோதப் போறேன்? நீங்க ஓட்டலைன்னா யாராச்சும் ஓட்டோணுமில்ல."

தடுத்திருக்கலாம். எனக்கு ஓட்டத் தெரியும் என்று சொல்லியிருந்தாலே போதும். ஆனால் அந்த ஒரு கணத்தில் என் மனதில் ஓடியது இதுதான்: இவளும் தோற்றுவிட்டால் எல்லாம் முடிந்தது. இறங்கினேன். சுற்றிப் போய் மறுபக்கம் ஏறிக்கொண்டேன்.

முதல் கியர், இரண்டாம் கியர். அவள் கை என் கையைவிட மென்மையாக மாற்றியது. "பாருங்க, வெண்ணெ மாதிரி போகுது!" என்று சிரித்தாள். வேகம் கூடியது. இடப்பக்கம் விளக்குக் கம்பத்தின் சிமென்ட் அடிப்பீடம் வந்தது. நான் அதைப் பார்த்தேன். திருப்புவாள் என்று காத்திருந்தேன். அவளுக்கு அது தெரியாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு மூச்சு நேரம் காத்திருந்தேன். பிறகு கத்தினேன். அதற்குள் இடித்துவிட்டது.

நெற்றியில் ரத்தம். இடது மணிக்கட்டு பார்க்கக் கூடாத கோணத்தில் தொங்கியது. அவள் அழவில்லை. "என்னதுங்க அது? எங்கிருந்து வந்துச்சு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

அவளை நகர்த்தி உட்காரவைத்தேன். அந்த அம்மாள் ஓடிவந்து மறுபக்கம் ஏறி அவளைப் பிடித்துக்கொண்டார். முன்பக்கம் நசுங்கிய அந்த டிரக்கை மேட்டிலும் சிக்னலிலும் ஒருமுறைகூட உதறி நிற்கவிடாமல் மருத்துவமனை வரை ஓட்டிச் சென்றேன். வாசலில் இறங்கும்போது அந்த அம்மாள் என் காலைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

மணிக்கட்டுக்கு மாவுக்கட்டு போட்டார்கள். அது சேர்ந்துவிட்டது. ஆனால் அவள் வரைபடத்தை மடித்துவிட்டாள். கம்பத்தைப் பற்றி யோசித்துக்கொண்டே இருந்தாள். தெருவைக் கடக்கக்கூட என் கையைப் பிடித்தாள். ஒரு மாலை, வறுத்த ரசப்பொடியைப் புட்டியில் அடைத்தபடி சொன்னாள்: "பக்கத்துல நிக்கற கம்பம் தெரியாதவளுக்கு ஆப்பிரிக்கா எதுக்குங்க?"

மோட்டார்ஹோமை விற்றுவிடும்படி அந்த அம்மாள் தம்பிக்குச் சொல்லிவிட்டார்.

"அந்த முடிச்சை அவுத்துடுங்க. நடக்காததுக்குக் காணிக்கை கெடையாது" என்றாள் மனைவி.

இருக்கட்டும் என்றேன். நடந்தது யாருடைய வேண்டுதல் என்று எனக்குத் தெரியும். சாமியை நம்பாதவன் நான். ஆனாலும் அந்த அலமாரிக்கு முதுகு காட்டி நின்று காப்பி கலக்கப் பழகினேன்.

இரண்டாயிரத்து ஒன்றில், ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போல அவள் பார்வை குறுகியிருந்தது. ஒரு கிருத்திகையன்று லிவர்மோர் கோயிலுக்குக் கிளம்பும்போது கேட்டாள்: "அந்தக் கில்டர் இன்னும் இருக்குதுங்களா? இந்த வருசத்தோட அந்தக் காசே செல்லாதாமா. பக்கத்து வீட்டம்மா சொன்னாங்க."

முடிச்சைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். வழியெல்லாம் அது நெஞ்சில் இடித்தது. கோயில் முன் வண்டியை நிறுத்திவிட்டு, முன்கண்ணாடி வழியாக வெளியே பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பனிமூட்டம், கால் டாலர், மூன்றாவது ஞாயிறு.

அவள் மடியிலிருந்த பையைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"வண்டி ஓட்டத் தெரியும்னு எனக்குத் தெரியுங்க" என்றாள் கடைசியில். "அன்னிக்கு ஆஸ்பத்திரி போற வரைக்கும் ஒருதரம்கூட நிக்கலையே. வலியிலயும் அது மட்டும் நல்லாத் தெரிஞ்சுது. பயத்துல சொல்லாம இருந்தீங்கன்னு விட்டுட்டேன். வேண்டுதல்தான் தெரியாது."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பயம்னா பயம்னு சொல்லியிருந்தா, ரயில்ல போயிருக்கலாம். அது போகட்டும். என்னை ஏங்க அந்த சீட்டுல உட்கார விட்டீங்க?"

 மேலே எழுதியிருக்கிறேனே, அதுதான் பதில். அன்று அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அவள் கையை நீட்டினாள். முடிச்சை வைத்தேன். கண்ணால் பார்க்காமல் விரலாலேயே அவிழ்த்தாள். இரண்டு காசுகளையும் தடவி, கில்டரைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். மற்றதை என்னிடம் கொடுத்தாள்.

"உங்களுது நடந்துச்சு. போய்ப் போட்டுட்டு வாங்க. நான் வண்டியிலயே இருக்கறேன்."

உள்ளே போனேன். உண்டியலில் காசு விழுந்த சத்தம் எனக்கு மட்டும் பெரிதாகக் கேட்டது. கும்பிடவில்லை. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் திரும்பி ஓடினேன், வண்டியில் அவள் இருக்கமாட்டாள் என்ற பயத்தில்.

இருந்தாள். பெல்ட் போட்டுக்கொண்டு, நேரே முன்னால் பார்த்துக்கொண்டு. நான் அவளுடைய இடப்பக்கம் ஏறி உட்கார்ந்ததை அவள் பார்த்திருக்க முடியாது. அவளும் திரும்பவில்லை.