காளையின் கண்ணாட்டம்

"சிகிச்சையின்போது கால்நடைகளை அடக்கிப் பிடிக்கத்தக்க தேகபலம் வாய்ந்தவர்" என்று குழித்துறை மாட்டாஸ்பத்திரி உதவியாளரைத் திருவிதாங்கூர்-கொச்சி சர்க்கார் உத்தரவு மலையாளத்தில் வர்ணித்திருந்தது. அந்த வேலையில் இருந்த ரசலையனுக்கு மூச்சிழுப்பு நோய். ஒரு கிடாவைப் பிடித்து முடிப்பதற்குள் அவனை யாராவது தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். ஆனாலும் மாடுகள் அவனிடம் முரண்டு பிடிப்பதில்லை. முரண்டு பிடிக்க எதிரே ஒரு ஆள் வேண்டுமல்லவா.

1952இல், மாசியில் அறுக்கும் கும்பப்பூ நெல்லுக்கான உழவுக்கு முன், செல்லத்தாயின் காளை விழுந்தது. கணவனை இழந்தவள்; ஜோடியில் இது போனால் வயல் தரிசுதான். வண்டியில் கொண்டுவந்து ஆஸ்பத்திரிக் கொட்டகையில் கிடத்தினார்கள். காளையின் கண்கள் தாமாகவே வெட்டி வெட்டி ஆடின.

டாக்டர் கிருஷ்ணமணி அதன் தலையை இடப்பக்கம் சாய்த்தார், ஆட்டம் கூடியது. வலப்பக்கம் சாய்த்தார்; திசை மாறி ஆடியது. நிமிர்த்திப் பிடித்தார், நின்றது.

"தலை எந்தப் பக்கம் சரியுதுன்னு அறியுத உறுப்பு காதுக்குள்ள இருக்கு. அது கெட்டுப்போச்சு, சீழ் மூளைக்கும் ஏறியாச்சு. மருந்தில்ல" என்று ரசலையனிடம் மட்டும் சொன்னார். செல்லத்தாயிடம் சொல்வதை அவனுக்கு விட்டுவிட்டுப் பேச்சிப்பாறை முகாமுக்குப் போனார். உண்மையைக் கண்டுபிடிப்பவர் ஒருவர், அதைச் சொல்ல வேண்டியவர் இன்னொருவர் என்பது சர்க்கார் வேலையின் நியாயம்.

செல்லத்தாய் வந்தாள். "ஏலே ரசலையா, கண்ணாட்டம் நின்னா பொழைச்சுக்கிடும்னு சொல்லுதாவ. நின்னுட்டா?"

சொல்ல வாயெடுத்தவன், காளையின் தாடையை மடியில் ஏற்றித் தலையை நிமிர்த்தினான். "நிக்குதே, பாருங்கக்கா."

"நின்னுட்டே மக்கா!" அவள் காளையின் நெற்றியைத் தடவினாள். "நீ மாட்டைப் பிடிக்குத ஆளில்ல, மாட்டுல தொங்குத ஆளுன்னுல்லா ஊருல பேச்சு."

"தொங்கிட்டுத்தான் கிடக்கேன்."

அவள் போனதும் தலையை இறக்கினான். கண் மறுபடி ஆடியது. அதன்பின் அவள் வரும்போதெல்லாம் தூக்கினான். காளை மெலிய மெலிய, அவள் கலப்பைக்குப் புதுக் கொழு அடிக்கச் சொல்லிவிட்டு வந்தாள். தான் பொய் சொல்லவில்லை என்று அவன் நினைத்துக்கொண்டான். கண் உண்மையாகவே நின்றிருந்தது. கோணம் மட்டுந்தான் அவனுடையது.

ஒரு காலையில் காளை செத்துக் கிடந்தது. எந்தப் பக்கம் சாய்த்தாலும் கண் ஆடவில்லை. அதற்குள் படலைத் தள்ளிக்கொண்டு செல்லத்தாய் வந்துவிட்டாள். அவன் யோசிக்காமல் தலையைத் தூக்கினான்.

அவள் அந்தக் கண்ணைப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பார்த்தாள். மூச்சில்லை.

"இறக்கு மக்கா. கை நோவும்லா."

ரசலையன் இறக்கவில்லை. எடுத்துப்போக ஆட்கள் வரும்வரை அந்தத் தலையை மடியில் நிமிர்த்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.