வண்டிப் பட்டத்து நெம்புகோல்

யுத்தகாலத்தில் என் மாமாவிடம் ஒரு பழைய கார் இருந்தது. சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டு மாமரத்தின் கீழ் பாதிக் காரும், பக்கத்தில் விரித்த சாக்கின்மேல் மீதிக் காரும் இருந்தன என்று சொல்வதே சரி. அம்மாவின் ஒரே தம்பி அவர். இனசனத்தில் அவரைக் கேலி செய்யாதவர் அம்மா ஒருவர்தான்.

அம்மாவுக்கு மாதம் நிறைந்திருந்தது. எனக்குப் பின் பிறந்த பிள்ளை வீட்டுப் பிரசவத்தில் தங்காமற் போனதால், இம்முறை வலி கண்டவுடன் மானிப்பாய் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஐயா கொழும்பில் உத்தியோகம். கொண்டுபோகும் பொறுப்பை மாமா ஏற்றார். வழியில் நின்றுவிடக் கூடாதே என்ற கவலையில் எஞ்சினைக் கழற்றினார். கழற்றிய பிறகுதான், திரும்பப் பூட்டும் ஆயுதம் ஊரில் எவரிடமும் இல்லை என்பது தெரிந்தது.

மாமா சோரவில்லை. சோடாப் போத்தலை இடித்துச் சேலைத்துணியில் அரித்து, தேங்காயெண்ணெயில் குழைத்து, அந்தப் பசையால் வால்வுகளைத் தேய்த்தார். உடைந்த மாட்டுவண்டிச் சில்லைச் சுற்றியிருந்த இரும்புப் பட்டத்தில் முழ நீளம் வெட்டி, நுனியைக் கவையாக அராவி நெம்புகோல் செய்தார். அதைக்கொண்டு வால்வின் சுருள்வில்லை நெம்பிப் பிடித்தபடி, அடியில் நகமளவான பூட்டுத் துண்டைச் செருக வேண்டும்.

அதற்குள் வலி வந்துவிட்டது.

மாமா ஒரு கையால் நெம்பி, மறு கையால் செருகப் பார்த்தார். செருகச் செருகத் துண்டு நழுவி மணலில் விழுந்தது. நான் முழங்காலில் தவழ்ந்து தேடினேன். போன முறை துணியில் சுற்றிக் கொண்டுபோன சின்னப் பொதி கண்ணுக்குள்ளேயே நின்றது.

“பொறு அக்கா, உது ஒண்டுதான் மிச்சம்,” என்றார் மாமா, அழுவாரைப் போல.

அம்மா இடுப்பைப் பிடித்தபடி எழுந்து வந்தார். கொண்டையூசியை உருவி, நுனியில் கிரீசைத் தொட்டு, துண்டை அதில் ஒட்டவைத்தார்.

“நீ நடுங்காமல் நெம்பிப் பிடி, தம்பி.”

துண்டு உள்ளே போய் இருந்துகொண்டது. மாமா மளமளவென்று மிச்சத்தைப் பூட்டினார்.

கார் இருமிக்கொண்டு புறப்பட்டு, வேலிப் படலையைத் தாண்டியதும் நின்றது. மாமா இறங்கி, எஞ்சினைக் கிளப்ப முன்னால் கம்பியைச் செருகிச் சுழற்றினார். ஒழுங்கையில் ஒரு வண்டி மாடுகள் பூட்டியபடி நின்றது. உள்ளே வைக்கோல் பரப்பி, மேலே பாய் விரித்திருந்தது. வண்டிக்காரர் அம்மாவின் பக்கமாக வந்து குனிந்தார்.

“இதிலை ஏறன், தங்கச்சி?”

“வேண்டாம் அண்ணை. நான் சொன்னமாதிரிப் பின்னாலை வாங்கோ. தம்பிக்குத் தெரிய வேண்டாம்.”

எஞ்சின் உறுமியது. மாமா வெற்றி வீரரைப் போல வந்து ஏறினார். நான் பின்பக்கம் திரும்பி மண்டியிட்டுப் பார்த்தேன். புழுதிக்குள் மாடுகள் எங்களைத் துரத்திக்கொண்டு ஓடிவந்தன. இந்தப் போட்டியில் மாமா தோற்றுவிடக் கூடாதே என்று எனக்குப் பதற்றம்.

“கெதியாய் விடுங்கோ மாமா, மாட்டுவண்டி—”

அம்மாவின் கை என் வாயைப் பொத்தியது. வலியில் அந்தக் கை சில்லிட்டிருந்தது.

“பின்னுக்குப் பாராதை பிள்ளை, தலை சுத்தும்.”

எனக்குத் தலை சுற்றவேயில்லை. இருந்தாலும், அம்மா பொய் சொல்லமாட்டார் என்று நம்பி, மானிப்பாய் வரும்வரை கண்களை இறுக மூடிக்கொண்டேன்.