மூன்றாம் அறைக் காவல்

பட்டன் அக்காவுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. முப்பது வருடமாகத் தையல் கடைச் சட்டைகளுக்குப் பட்டன் தைப்பதுதான் பிழைப்பு. வாய் திறந்து பேசுவது அபூர்வம். எப்படிப் பேசுவார், வாயில்தான் எந்நேரமும் நூல் இருக்குமே!

தெருக்கோடியில் ஒரு சின்ன அருங்காட்சியகம். மொத்தமே மூன்று அறைகள். காவலர்களுக்கு இனிச் சம்பளம் கிடையாது என்று நகராட்சி கைவிரித்துவிட்டது. ஒவ்வோர் அறையிலும் யாராவது காவல் இருந்தால் திறந்திருக்கலாம். ஆள் இல்லாத அறைக்குப் பூட்டு, உள்ளே இருப்பதெல்லாம் தலைநகரத்துக் கிடங்குக்குப் போய்விடும் என்று கடிதம் வந்தது. தெருவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு முறை வைத்து உட்கார்ந்தார்கள். முதல் அறையில் உட்கார்ந்த சலூன்காரர், கத்தரிக்கோல் கையில் இல்லாவிட்டாலும் வாயை மூடவில்லை.

மூன்றாவது, பஞ்சாலை அறை. மதிய முறையை அக்கா கேட்டு வாங்கிக்கொண்டார். ஜன்னல் வெளிச்சத்துக்காக என்று எல்லாரும் நினைத்தார்கள். காரணம் சுவரில் இருந்தது. ஆலைத் தொழிலாளர்களின் பழைய குழுப்படம். இரண்டாம் வரிசையில் நாலாவதாக, சிரிப்பை அடக்கமாட்டாமல் நிற்கும் பெண் அவருடைய அம்மா. மூன்று வயதில் பறிகொடுத்த அம்மா. அப்பா ஒரு முறை விரல் வைத்துக் காட்டியது. வீட்டில் வேறு படமே இல்லை. வெளியே சொன்னால் அழுதுவிடுவோமோ என்று அக்கா யாரிடமும் சொன்னதில்லை.

மூன்று மணி வெயில் தரையில் நீளும்போது அக்காவுக்குக் கண் செருகும். ஆலை ஓடத் தொடங்கும். தலையெல்லாம் பஞ்சு ஒட்ட, அம்மா படத்திலிருந்து இறங்கி வருவாள். மகளைவிட முப்பது வயது இளையவள்.

"என்னடி, கண்ணு தெரியலையா? இங்க குடு" என்று ஊசியில் நூல் கோத்துத் தருவாள். விழித்துப் பார்த்தால் ஊசி ஒரு பக்கம், நூல் ஒரு பக்கம் கிடக்கும்.

ஒருநாள் அப்படி விழித்தபோது எதிரே நகராட்சி அதிகாரி நின்றிருந்தார்.

"தூங்குறவங்களைக் காவல்னு எழுத முடியாதும்மா. இந்த ரூமைப் பூட்டிடலாம்."

அக்கா நாற்காலியை விட்டு எழுந்தார். வாயிலிருந்த நூலைத் துப்பினார்.

"பூட்டிடாதீங்க சார். அதோ, அது எங்கம்மா. எங்கிட்ட வேற படம் இல்ல. மூஞ்சி மறந்துடும் சார்."

சத்தம் கேட்டுச் சலூன்காரர் ஓடி வந்தார். அக்கா காட்டிய படத்தைப் பார்த்தபடி வாசலிலேயே நின்றுவிட்டார். அதிகாரி படத்தையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். மனசு இளகாமல் இல்லை, ஆனாலும் விதி இருக்கிறதே.

"முழிச்சிருக்கிற ஆள் ஒருத்தராவது வேணும். நாளைக்கு வந்து பாக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் அக்கா ஊசியால் விரலைக் குத்திக் குத்தி விழித்திருந்தார். மூன்று மணிக்கு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. முதல் அறையில் மனைவியை உட்காரவைத்துவிட்டு, சலூன்காரர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அன்றைக்கு மட்டும் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"நீங்க கண்ணை மூடுங்கக்கா. அம்மாவை நான் பாத்துக்கறேன்."