பதிமூன்றரையும் பதினாலு நாலும்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆம்புலன்ஸ் நிலையத்தில் அதைச் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. பதிமூன்றரை என்று கேளுங்கள், டீ கொண்டுவருகிறவர்கூட ரேடியோ அறையைக் கைகாட்டுவார். சார்ஜரைப் பதிமூன்றரை வோல்ட்டில் வைத்தால் பேட்டரி நீண்ட நாள் உழைக்கும் என்பது அவர் கொள்கை. காய்ச்சல் என்று டாக்டரிடம் போனாலும் அதை ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் நாக்கை நீட்டுவார்.

நிலையத்தை ஒட்டிய எட்டு மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடி அறையில் ரிப்பீட்டர் இருக்கிறது. வண்டிகளிலிருந்து வரும் நலிந்த குரலை வாங்கி, ஊர் முழுக்கக் கேட்கும்படி திருப்பிச் சொல்லும் பெட்டி. மின்சாரம் போனால் அதைத் தாங்க வேண்டியது பேட்டரி. அந்த அறையின் சாவி எப்போதும் பதிமூன்றரையின் இடுப்பில் தொங்கும்.

இன்னொரு சாவி மச்சினனிடம் இருந்ததுதான் வினை. மனைவியின் தம்பி, அதே நிலையத்தில் எலெக்ட்ரீஷியன். அவன் கட்சி பதினாலு நாலு, அதாவது பதினாலு புள்ளி நாலு வோல்ட்.

"வயிறு நிறையாம எவன் மாமா வேலை செய்வான்?" என்பான்.

"வயிறு வெடிச்சா மட்டும் செய்வானா?" என்பார் இவர்.

பேச்சோடு நின்றிருந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். இவர் ஒரு வாரம் மேலே போய் சார்ஜரின் வோல்ட் திருகைக் குறைத்துவிட்டு வருவார். அடுத்த வாரம் அவன் போய்க் கூட்டிவிட்டு வருவான். மற்றவருக்குத் தெரியாது என்று இருவருக்கும் நினைப்பு. பேட்டரிதான் பாவம், ஒரு வாரம் அரைப்பட்டினி, மறுவாரம் அஜீரணம்.

ஒருநாள் மதியம் ஊரே இருண்டது. போன் டவரும் படுத்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் பேட்டரி தாங்காமல் ரிப்பீட்டரும் உயிரை விட்டது. அப்போது கட்டுப்பாட்டு அறையில் மைக்கைப் பிடித்திருந்தது பதிமூன்றரையின் மனைவி. பிரசவ வலியில் துடித்த ஒரு பெண்ணை ஏற்றிய ஓட்டுநர், எந்த வழியாகப் போவது என்று கேட்கும்போதே குரல் அறுந்தது. அவர் ஜன்னலில் தலையை நீட்டி, கண்டவர்களிடம் வழி கேட்டே போய்ச் சேர்ந்தார். குழந்தை மருத்துவமனை வாசலிலேயே பிறந்து நன்றாக அழுதது. அந்தச் சேதி வந்து சேரும்வரை பதிமூன்றரையின் மனைவி மைக்கைக் கீழே வைக்கவில்லை.

நிலையத் தலைவர் மாமனையும் மச்சினனையும் கூப்பிட்டார்.

"புது பேட்டரி வாங்கித் தர்றேன். ஞாயித்துக்கிழமை காலையில மெயினை அணைப்பேன். மதியம் வரைக்கும் தாங்கலைன்னா ரெண்டு சாவியும் என் மேசைக்கு வந்துடணும். வெளியாளை வச்சுப் பாத்துக்கறேன்."

பதிமூன்றரைக்குச் சோறு இறங்கவில்லை. சாவி இல்லாமல் நிலையத்துக்குள் நடப்பதை நினைத்தாலே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

பேட்டரியை மாட்டப் போனபோது மனைவியும் கூடவே ஏறினாள். "உங்க ரெண்டு பேரையும் தனியா விடறதா இல்லை" என்றாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. உள்ளே நுழைந்ததும் இரண்டு கைகள் ஒரே திருகின்மேல் விழுந்தன. அவள் ஒரு துணியை எடுத்து, இவர்கள் எட்டிக்கூடப் பார்க்காத சார்ஜரின் முதுகைத் துடைத்தாள்.

"ஏங்க, இங்க ஒரு சுவிட்ச் இருக்கே. ஆட்டோ, மேனுவல்னு. மேனுவல்லயே கிடக்கு."

"அதெல்லாம் சும்மா" என்றார் பதிமூன்றரை.

"பொடியா எழுதியிருக்கு, இருங்க. ஆட்டோல போட்டா முதல்ல பதினாலு நாலுக்கு ஏத்துமாம். நிறைஞ்சதும் அதுவே பதிமூணரைக்கு இறங்கி நிக்குமாம்."

இருவரும் குனிந்து அந்தப் பொடி எழுத்தைத் தாங்களே படித்துப் பார்த்தார்கள். தோற்றிருந்தால்கூட நாளடைவில் மனம் ஆறியிருக்கும். எதிராளி சொன்னதும் சரி என்பதை எப்படித்தான் விழுங்குவது? அவர்கள் விழுங்குவதற்குள் அவள் சுவிட்சைத் தட்டிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மெயினை அணைத்தார்கள். மதியம் தாண்டியும் ரேடியோவில் குரல்கள் கணீரென்று வந்தன. பதிமூன்றரையால் பொறுக்க முடியவில்லை.

"அப்ப நான் சொன்னது சரிதானே?"

"நான் சொன்னதுந்தானே அக்கா?"

"ரெண்டு பேரு சொன்னதும் சரிதான். அதனாலதான் பழைய பேட்டரி செத்துது."

தலைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சாவி இனி யாரிடம் இருக்கட்டும் என்று கேட்டார். பதிமூன்றரை மச்சினனைப் பார்த்தார். மற்றவர் கைக்குப் போவதைவிட அவளிடம் இருப்பது மேல் என்று அவனும் நினைத்தான், இவரும் நினைத்தார். இரண்டு சாவிகளும் அந்தம்மாவின் முன்னால் வந்து விழுந்தன. இருவரும் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை.

பதிமூன்றரை இப்போதும் வாரா வாரம் மேலே போகிறார். மனைவி கதவைத் திறந்துவிட்டு, "கையைப் பின்னால கட்டிக்கிட்டுப் பாருங்க" என்பாள். அவரும் கட்டிக்கொள்வார்.